காகத்தில் தொடங்கும் லினோகட்: தனியாக வேலை செய்பவருக்கு ஒரு வழிகாட்டி

லினோகட் என்பது லினோ என்ற பலகையில் படத்தை வெட்டி, மை போட்டுத் தாளில் அச்சிடும் முறை. அதற்குச் சாப்பாட்டு மேசையில் பாதி இடம் போதும். வரைவது, வெட்டுவது, மை போடுவது, அச்சிடுவது, கையெழுத்திட்டு விற்பது எல்லாவற்றையும் ஒரே ஆள் செய்துவிடலாம். சுதந்திரக் கலைஞராக இறங்க நினைப்பவர்களுக்கு இதைப் பரிந்துரைக்கக் காரணம் அதுதான். முதல் வேலை முடியும்போது கையில் இருப்பது ஒரு படம் அல்ல, இருபது பிரதிகள். இருபதையும் விற்கலாம், பத்தை விற்றுப் பத்தை வைத்துக்கொள்ளலாம், தவறு எங்கே என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்தும் பார்க்கலாம்.

லினோ உண்மையில் ஒரு தரைவிரிப்பு. ஆளி விதை எண்ணெயைக் காற்றில் கெட்டியாக்கி, தக்கைத் தூளும் மரத்தூளும் பிசினும் கலந்து, சணல் துணிமேல் அழுத்திச் செய்வது. பிரிட்டனில் பிரெடரிக் வால்டன் 1860களில் இதற்குக் காப்புரிமை வாங்கினார். மரத்தைப் போல இதற்கு இழை கிடையாது. உளி எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே மாதிரி வெட்டும். மர அச்சுக்காரர் பல மாதம் பழகிப் பிடிக்கிற வளைகோடு இதில் முதல் வாரத்திலேயே கைக்கு வந்துவிடும்.

வெட்டிய இடம் வெள்ளை, வெட்டாத இடம் கறுப்பு. இதை மறக்காமல் இருப்பதுதான் கடினம். பென்சிலில் நாம் கறுப்பைச் சேர்த்துப் பழகியவர்கள். இங்கே கறுப்பு ஏற்கெனவே முழுசாக இருக்கிறது, அதிலிருந்து வெளிச்சத்தை எடுத்துக்கொண்டே போக வேண்டும். வங்காள ஓவியர் நந்தலால் போஸ் 1930இல் தண்டி நடைப்பயணத்தையொட்டிச் செய்த காந்தி லினோகட்டைப் பாருங்கள். பின்னணி முழுக்கக் கறுப்பு, தடியூன்றி நடக்கும் உருவம் அதில் வெள்ளைக் கோடுகளாக நிற்கிறது. வெட்டியது கொஞ்சம், விட்டது நிறைய. புதிதாக வருபவர் செய்வது பெரும்பாலும் இதற்கு நேர்மாறு: பின்னணி முழுவதையும் குடைந்தெடுத்து, நடுவில் மெல்லிய கறுப்புக் கோட்டோவியத்தை நிற்கவைப்பார்கள். கை வலிக்கும், கோடு உடையும், படமும் சோனியாகத் தெரியும்.

முதல் படம்: ஏன் காகம்?

முதல் பலகை 15 × 10 செ.மீ. அளவுக்கு மேல் வேண்டாம். படம், மின்கம்பியில் உட்கார்ந்திருக்கும் ஒரு காகம். ஜன்னலைத் திறந்தால் மாதிரி கிடைக்கும் என்பது ஒரு காரணம். முக்கியமான காரணம் அதன் கழுத்து. நம் ஊர்க் காகத்தின் உடல் கறுப்பு, கழுத்து சாம்பல் நிறம். லினோவில் சாம்பல் என்று ஒரு நிறம் இல்லை. மை பட்டால் கறுப்பு, படாவிட்டால் தாள். அந்தக் கழுத்தை எப்படிச் சாம்பலாக்குவது என்று யோசிக்கும் இடத்தில்தான் லினோகட் கற்கத் தொடங்குகிறோம்.

வழி இதுதான். கழுத்தில் இறகு போகும் திசையிலேயே, சுமார் 1 மி.மீ. இடைவெளி விட்டு, சிறிய வி உளியால் (முனை ஆங்கில V வடிவில் இருப்பது) அரை செ.மீ. நீளக் கீற்றுகளை வெட்டுங்கள். கீற்றின் அகலமும் இடைவெளியின் அகலமும் ஏறக்குறையச் சமமானால் தூரத்திலிருந்து நடுச்சாம்பல் தெரியும். மார்புப் பக்கம் வரவரக் கீற்றைக் குறுக்கி இடைவெளியைக் கூட்டினால் அது கறுப்போடு கரையும். கண்ணுக்கு ஒரே ஒரு சின்ன வெள்ளைப் புள்ளி. அலகின் மேல்விளிம்பில் ஒரு கோடு. வானத்தை முழுக்க வெட்டியெடுங்கள்; நடுவில் நிற்பது மெல்லிய கோடல்ல, கனத்த கறுப்புருவம் என்பதால் இங்கே அது சரி. கம்பியைக் கறுப்பாக விடுங்கள். கம்பி 2 மி.மீ.க்குக் குறையாமல் இருக்கட்டும். மெலிந்தால் மை உருளை ஏறி இறங்கும்போது வளைந்து பிய்யும்.

படத்துக்குச் சொந்தமாக எடுத்த போட்டோவையோ நேரில் போட்ட கோட்டோவியத்தையோ பயன்படுத்துங்கள். இணையத்தில் எடுத்த போட்டோவுக்கு உரிமையாளர் ஒருவர் இருப்பார். இந்தியாவில் கலைப்படைப்பின் பதிப்புரிமை படைத்தவர் இறந்து 60 ஆண்டுகள் வரை நீடிக்கும். விற்கத் தொடங்கிய பிறகு வரும் தகராறு வேண்டாத தலைவலி.

வாங்க வேண்டியவை, செய்துகொள்ள வேண்டியவை

லினோ: 3.2 மி.மீ. தடிமன், சணல் பின்புறம் உள்ளது. ஓவியப் பொருள் கடையில் சாம்பல் அல்லது பழுப்பு நிறத்தில் துண்டுகளாகக் கிடைக்கும். மூலையை லேசாக வளைத்துப் பாருங்கள். விரிசல் விட்டால் பழைய சரக்கு, எண்ணெய் காய்ந்துபோனது. வெட்டும்போது பொடிப்பொடியாக உதிரும். அழிப்பான் போல மெத்தென்ற ரப்பர் பலகையும் கிடைக்கிறது. அது வெட்டச் சுலபம்தான். ஆனால் நுண்கோடு அதில் நிற்காது, அழுத்தி அச்சிட்டால் படம் பிதுங்கும். பழகுவதற்கும் வாழ்த்து அட்டைக்கும் அது போதும், எண்ணிட்டு விற்கும் பதிப்புக்கு வேண்டாம்.

உளி: ஸ்பீட்பால் போன்ற, கைப்பிடிக்குள் முனைகளை மாற்றிக்கொள்ளும் வகை ஒன்று. அதில் 1ஆம் எண் முனை சிறிய வி, 5ஆம் எண் அகலமான யு. தொடக்கத்தில் இந்த இரண்டும் போதும். பத்து முனைப் பெட்டி வாங்கியவர்களும் கடைசியில் இரண்டைத்தான் தேய்க்கிறார்கள். பணம் சேர்ந்த பிறகு நல்ல எஃகு உளி ஒன்று வாங்கலாம்.

மை உருளை: 10 செ.மீ. அகல ரப்பர் ரோலர். கடினமான ரப்பராக இருக்கட்டும். மென்மையானது வெட்டிய பள்ளத்துக்குள் இறங்கி மை பூசிவிடும்.

மைப்பலகை: ஓரம் மழுக்கிய கண்ணாடி, அல்லது வழவழப்பான ஒரு டைல்ஸ்.

மை: இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும், கீழே வருகிறது.

தேய்க்க: மரக்கரண்டி. அல்லது பல வருடம் புழங்கி வழவழப்பான கொட்டாங்கச்சி அகப்பை. வளைந்த முதுகில் சொரசொரப்பு துளியும் இருக்கக்கூடாது. விரலால் தடவி, தட்டுப்பட்டால் 400ஆம் எண் உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள்.

ஒன்றை மட்டும் நீங்களே செய்துகொள்ள வேண்டும்: தடுப்புப் பலகை. 30 × 25 செ.மீ. பிளைவுட் ஒன்று எடுங்கள். அதன் முன்னோரத்தில், அடிப்பக்கமாக, 2 செ.மீ. கனமுள்ள ரீப்பர் (மரச்சட்டம்) ஒன்றைத் திருகுங்கள். பின்னோரத்தில், மேல்பக்கமாக, அதே போல இன்னொன்று. அடி ரீப்பர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொள்ளும், மேல் ரீப்பர்மேல் லினோ முட்டி நிற்கும். தச்சரிடம் சொன்னால் அரை மணி நேர வேலை. இது இல்லாமல் இடதுகையால் லினோவை முன்பக்கம் பிடித்துக்கொண்டு வெட்டுபவருக்கு உளி எங்கே போய் நிற்கும் என்று சொல்லத் தேவையில்லை. பிடிக்கும் கை எப்போதும் உளி முனைக்குப் பின்னால். இதில் விதிவிலக்கே கிடையாது.

படத்தை மாற்றுதல்

அச்சில் படம் கண்ணாடியில் தெரிவதுபோல இடவலமாகத் திரும்பும். காகம் இடதுபக்கம் பார்க்க வேண்டுமென்றால் பலகையில் அது வலதுபக்கம் பார்க்க வேண்டும். இதை மூளையில் போட்டுக் குழப்பிக்கொள்ளாமல் டிரேசிங் தாளிடம் விட்டுவிடுங்கள். தாளில் 4பி பென்சிலால் படத்தை நேராக வரையுங்கள். வரைந்த முகம் லினோவைப் பார்க்கக் கவிழ்த்து, இரண்டு ஓரம் டேப் ஒட்டி, பின்பக்கம் நகத்தாலோ கரண்டியாலோ தேயுங்கள். படம் திரும்பியபடியே பலகையில் பதியும். அந்தக் கோட்டை மார்க்கரால் உறுதிப்படுத்துங்கள்.

அதற்கு முன் ஒரு சிறு வேலை: லினோ மேற்பரப்பை 400ஆம் எண் உப்புத்தாளால் நான்கைந்து இழுப்பு லேசாகத் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்து, நிறைய நீர் கலந்த செம்பழுப்பு அக்ரிலிக்கை ஒரு பூச்சு பூசிக் காயவிடுங்கள். தேய்த்ததால் மை சீராகப் பிடிக்கும். பூச்சு இருப்பதால் வெட்டிய இடம் வெளிறிப் பளிச்சென்று தெரியும். எங்கே வெட்டினோம், எங்கே இன்னும் பாக்கி என்ற சந்தேகம் வராது.

தமிழ் எழுத்து வெட்ட ஆசைப்படுவீர்கள். எல்லோரும் ஆசைப்படுவார்கள். ஆங்கிலப் பெரிய எழுத்துகள் பெரும்பாலும் நேர்கோடு, நம்முடையது சுழி. 1 செ.மீ.க்குக் குறைந்த உயரத்தில் ‘ழ’ வெட்டினால் உள்ளே இருக்கும் இடைவெளி அடைபடும், அல்லது சுழியின் சுவர் உடையும். முதல் எழுத்து 2 செ.மீ. உயரமாவது இருக்கட்டும். முதலில் உள்வெளிகளை வெட்டுங்கள், பிறகு வெளிவிளிம்பை. உள்ளே வெட்டும்போது சுவருக்குப் பின்னால் முழு லினோவும் தாங்கி நிற்கும். வரிசையை மாற்றினால் மெல்லிய சுவர் தனியாக நின்று அசையும்.

வெட்டுதல்

உளியைப் பென்சில் போலப் பிடிக்காதீர்கள். கைப்பிடியின் அடி உள்ளங்கைக்குள் இருக்க, ஆட்காட்டி விரல் உளியின் முதுகில் நீண்டிருக்க வேண்டும். சாய்வு 20 முதல் 30 பாகை. நிமிர்த்திப் பிடித்தால் ஆழமாகக் குத்திச் சணலைத் தொடும், படுக்கவைத்தால் வழுக்கும். வெட்டின் ஆழம் 1 முதல் 1.5 மி.மீ. போதும். சணல் தெரிந்தால் தப்பு; தெரிந்த இடத்தில் பலகை பலவீனமாகிவிட்டது என்று பொருள்.

வளைவில் உளியைத் திருப்பாதீர்கள், பலகையைத் திருப்புங்கள். வலதுகை நேராகத் தள்ளிக்கொண்டே இருக்க, இடதுகை லினோவை மெதுவாகச் சுழற்ற வேண்டும். சக்கரத்தில் மண் சுழல, குயவர் கை நிலையாக இருப்பதைப் போல. காகத்தின் தலையை இப்படி ஒரே இழுப்பில் வெட்ட முடிந்தால் கை பழகிவிட்டது.

ஒழுங்கு: முதலில் வி உளியால் உருவத்தின் வெளிவிளிம்பு முழுவதும் ஒரு சுற்று. அது வேலி. பிறகு யு உளியால் வானத்தைக் குடையும்போது உளி வழுக்கினாலும் அந்தப் பள்ளத்தில் வந்து நிற்கும். வானத்தைக் குடையும் திசையிலும் கவனம் வேண்டும். எவ்வளவு எடுத்தாலும் சில மேடுகள் மை வாங்கும், அச்சில் அவை சிறு கீற்றுகளாக விழும். எல்லா வெட்டும் கம்பிக்கு இணையாகப் போயிருந்தால் அந்தக் கீற்றுகள் காற்று வீசுவதுபோல அழகாக இருக்கும். தாறுமாறாகப் போயிருந்தால் அழுக்குபோல இருக்கும். லினோக்காரர்கள் இந்தக் கீற்றுகளை வேண்டுமென்றே விடுவது உண்டு. வேண்டாமென்றால் பள்ளத்தை இன்னும் அரை மி.மீ. இறக்குங்கள்.

லினோ கடினமாக இருந்தால் பத்து நிமிடம் வெயிலில் வையுங்கள், வெண்ணெய்போல வெட்டும். சென்னை சித்திரை வெயிலில் ஐந்து நிமிடமே போதும். அதற்கு மேல் வைத்தால் பலகை நெளியும்.

மொட்டை உளிதான் புதியவர்களின் பெரிய எதிரி. ஆனால் அவர்கள் பழியை லினோமேல் போடுகிறார்கள். வெட்டின் ஓரம் பளபளப்பாக இல்லாமல் கிழிந்து நார்போல இருந்தால் உளி மழுங்கிவிட்டது. பழைய தோல் பெல்ட்டின் சொரசொரப்பான பக்கத்தை ஒரு கட்டையில் ஒட்டி, பச்சைப் பாலிஷ் கட்டியைத் தேய்த்துவையுங்கள். அரை மணிக்கு ஒருமுறை உளியின் இரு வெளிப்பக்கங்களையும் அதில் பின்னோக்கி மட்டும் பத்துத் தடவை இழுங்கள். முன்னோக்கித் தள்ளினால் தோலைத்தான் வெட்டும்.

நடுநடுவே பார்க்க ஒரு குறுக்குவழி: பலகைமேல் மெல்லிய தாளை வைத்து, மேலே பென்சிலைப் படுக்கவைத்துத் தேயுங்கள். நாணயத்தைச் சிறுவயதில் தேய்த்துப் பார்த்தோமே, அதே விளையாட்டுதான். மை அழுக்கில்லாமல் எங்கே இன்னும் வெட்ட வேண்டும் என்று தெரிந்துவிடும். சந்தேகம் இருக்கும் இடத்தை வெட்டாதீர்கள். வெட்டாததை நாளைக்கும் வெட்டலாம்.

மை

மூன்று வழிகள் உண்டு.

நீர் சார்ந்த பிளாக் மை கழுவச் சுலபம். நம் தட்பவெப்பத்தில் அது படுத்தும்பாடு வேறு. மின்விசிறி ஓடும் அறையில், மே மாதத்தில், மைப்பலகையிலேயே சில நிமிடங்களில் ஆடை கட்டிவிடும். தாளை எடுக்கும்போது பலகையோடு ஒட்டிக் கிழியும். விசிறியை நிறுத்துங்கள், மையில் ஓரிரு சொட்டு கிளிசரின் சேருங்கள், அதிகாலையில் வேலை செய்யுங்கள். காய்ந்த பிறகும் ஈரம் பட்டால் இந்த மை கரையும் என்பதால் மேலே வாட்டர்கலர் பூச முடியாது.

சோப்பில் கழுவக்கூடிய எண்ணெய் மை, காலிகோ சேஃப் வாஷ் போன்றவை, எங்கள் தேர்வு. விலை கூடுதல், பல கடைகளில் கேட்டு வரவழைக்க வேண்டும். ஆனால் கறுப்பு கறுப்பாக விழும், நிதானமாக வேலை செய்ய நேரம் தரும்.

மூன்றாவது, அச்சகங்களில் புழங்கும் ஆப்செட் மை. கிலோ டப்பாவில் வரும். ஒரு டப்பா ஒரு கலைஞருக்குப் பல ஆண்டு. அப்படியே போட்டால் இளகலாக இருக்கும், நுண்கோடுகளை நிரப்பிவிடும். மெக்னீசியம் கார்பனேட் பொடியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக் கத்தியால் குழைத்து, கத்தியைத் தூக்கினால் சட்டென்று ஒழுகாத பதத்துக்குக் கொண்டுவாருங்கள். வாங்கும்போது செய்தித்தாள் மையா, தனித்தாளில் அச்சிடும் வழக்கமான ஷீட் மையா என்று கேட்டு வாங்குங்கள். செய்தித்தாள் மை தாளுக்குள் உறிஞ்சப்பட்டுத்தான் நிற்குமே தவிரக் காயாது. ஆறு மாதம் கழித்தும் விரலில் ஒட்டும்.

அச்சிடுதல்

தாளில் இரண்டு வகை வைத்துக்கொள்ளுங்கள். சோதனைக்குச் சாதாரண ஜெராக்ஸ் தாள். பதிப்புக்கு 80 முதல் 120 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற எடையளவு) வரையுள்ள, அமிலமற்ற, ஒரு பக்கமாவது வழவழப்பான பருத்தித் தாள். புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் கைத்தாள் பலருக்குத் தெரிந்திருக்கும். கைத்தாளில் பூவிதழ், வைக்கோல் பதித்தவற்றைத் தொடாதீர்கள், மேடுபள்ளத்தில் மை விட்டுவிட்டு விழும். 200 ஜி.எஸ்.எம். தாளைக் கரண்டியால் அச்சிட நினைத்தால் தோள்பட்டை போய்விடும். அது இயந்திரத்துக்கான தாள். அச்சு இயந்திரம் தேவைப்படும் அளவுக்கு வளர்ந்தால், சென்னை கிரீம்ஸ் சாலையில் இருக்கும் லலித் கலா அகாடமி மண்டல மையத்தின் அச்சோவியக் கூடத்தில் விசாரியுங்கள்.

அச்சுப் பலகைக்கு ஓர் இருக்கை தயார் செய்யுங்கள். தாளைவிடப் பெரிய அட்டையில், லினோ உட்காரும் இடத்தின் இரண்டு மூலைகளில் எல் வடிவில் 3 மி.மீ. அட்டைத் துண்டுகளை ஒட்டுங்கள். தாளின் கீழ்விளிம்பும் இடதுவிளிம்பும் முட்டுவதற்கு இன்னும் மூன்று துண்டுகள். இனி இருபது தாளிலும் படம் ஒரே இடத்தில் விழும்.

மைப்பலகையில் கால் தேக்கரண்டி மை. கத்தியால் ஒரு கோடாக இழுத்து, உருளையால் நெடுக்காகவும் குறுக்காகவும் பரப்புங்கள். ஒவ்வொரு தள்ளலின் முடிவிலும் உருளையைத் தூக்க வேண்டும். தூக்காமல் முன்னும்பின்னும் ஓட்டினால் உருளையின் ஒரே பகுதிதான் மை தொடும். அளவை அறியக் காதைப் பயன்படுத்துங்கள். மை அதிகமென்றால் ‘சப்சப்’ என்று ஒட்டி இழுக்கும், மேற்பரப்பு ஆரஞ்சுத் தோல்போல இருக்கும். சரியான அளவில், சூடான தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தாற்போல மெல்லிய ‘சொய்’ சத்தம் சீராக வரும். பார்த்தால் வெல்வெட் போல இருக்கும்.

லினோமேல் மெல்லிய பூச்சாக நான்கைந்து முறை, ஒவ்வொரு முறையும் உருளைக்கு மறுபடி மை எடுத்து. கனமாக ஒரே பூச்சு போடும் ஆசையை அடக்குங்கள். பலகையை இருக்கையில் வைத்து, கையைத் துடைத்துவிட்டு, தாளை முட்டில் நிறுத்தி மெதுவாக இறக்குங்கள். இறக்கிய பிறகு நகர்த்தக்கூடாது. மேலே பட்டர் பேப்பர் ஒன்று. முதலில் உள்ளங்கையால் தடவி ஒட்டவையுங்கள். பிறகு கரண்டியின் முதுகால், எட்டணா அளவு வட்டங்களாக, நடுவிலிருந்து ஓரத்துக்கு. ஒரு கையால் தாளை அழுத்திக்கொண்டு மறுபாதியின் மூலையைத் தூக்கிப் பார்க்கலாம். வெளுத்த இடம் தெரிந்தால் இறக்கிவிட்டு அங்கே மட்டும் மறுபடி தேய்க்கலாம். இயந்திரத்தில் கிடைக்காத சலுகை இது. 15 × 10 செ.மீ. பலகைக்குத் தாள் ஒன்றுக்கு எட்டுப் பத்து நிமிடம் ஆகும்.

முதல் இரண்டு மூன்று அச்சு சல்லடைபோல வெளுத்து வரும். புதுப்பலகை மை குடிக்கிறது, அவ்வளவுதான். அதைப் பார்த்துப் பயந்து மையைக் கொட்டினால் நான்காவது அச்சில் கழுத்துக் கீற்றெல்லாம் அடைபட்டு, காகம் அண்டங்காக்கையாகிவிடும்.

அதன் பிறகும் பிசகினால் இப்படிப் பாருங்கள். கறுப்பு முழுக்கப் பொரிப்பொரியாக வெளுப்பு: மை குறைவு அல்லது அழுத்தம் குறைவு, கரண்டியால் இன்னும் தேய்த்தும் மாறாவிட்டால் மைதான். கோட்டின் ஓரத்தில் மை பிதுங்கிக் கரை கட்டுவது: மை அதிகம்; பலகையை ஜெராக்ஸ் தாளில் இரண்டுமுறை அச்சிட்டு உறிஞ்சவிட்டுத் தொடருங்கள். ஒரே இடத்தில் எல்லாத் தாளிலும் வட்டமாக வெள்ளைப்புள்ளி: மையில் லினோத் துணுக்கு விழுந்திருக்கிறது, ஊசியால் எடுங்கள். வெட்டிய அறையிலேயே துடைக்காமல் மை போடுபவர்களுக்கு இது தினமும் வரும். உருவத்துக்கு இரட்டை நிழல்: தாள் நகர்ந்துவிட்டது, அந்தத் தாள் போச்சு.

காயவைத்தல், கழுவுதல்

கயிறு கட்டித் துணி கிளிப்பில் தொங்கவிடுங்கள். எண்ணெய் மை கோடையில் இரண்டு மூன்று நாளில் காயும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஒரு வாரம் தாண்டியும் பிசுபிசுக்கும். அந்த மாதங்களில் மையில் சில சொட்டு கோபால்ட் டிரையர் சேர்க்கலாம். காய்ந்துவிட்டதா என்று கறுப்பில் விரல் வைக்காதீர்கள். ஓரத்தில் ஜெராக்ஸ் தாளை வைத்து நகத்தால் அழுத்துங்கள், கறை படாவிட்டால் அடுக்கலாம்.

உருளையையும் கண்ணாடியையும் முதலில் சமையல் எண்ணெய் தடவித் துடைத்து, பிறகு பாத்திரம் தேய்க்கும் சோப்பால் கழுவுங்கள். தின்னரை லினோமேல் ஊற்றினால் லினோவே இளகும். உருளையை ரப்பர் தரையில் படும்படி வைத்துவிட்டுப் போகாதீர்கள், ஒரு பக்கம் தட்டையாகிவிடும். எண்ணெய் மை துடைத்த துணியைக் கசக்கிக் குப்பைக்கூடையில் திணிப்பது ஆபத்து. மையில் இருக்கும் ஆளி எண்ணெய் காற்றோடு சேரும்போது சூடு உண்டாகும், குவியலாக இருந்தால் தானாகவே தீப்பிடிக்கக்கூடும். விரித்துக் காயப்போட்டுப் பிறகு எறியுங்கள்.

வண்ணம் சேர்க்க ஆசை வந்தால்

ஐந்தாறு கறுப்பு வெள்ளைப் பலகைகளுக்குப் பிறகு வரட்டும். எளிய வழி, எண்ணெய் மையில் அச்சிட்டுக் காய்ந்த பிறகு வாட்டர்கலர் பூசுவது. அடுத்தது குறைத்து வெட்டும் முறை: ஒரே பலகையில் கொஞ்சம் வெட்டி, எல்லாத் தாளிலும் வெளிர்நிறத்தை அச்சிட்டு, இன்னும் வெட்டி, அதன்மேல் அடுத்த நிறம். 1950களின் இறுதியில் தென்பிரான்சின் வல்லோரிஸில் அச்சாளர் இடால்கோ ஆர்னேராவோடு பிக்காசோ இதில் நிறையச் செய்தார். கடைசி நிறம் வரும்போது பலகையில் பாதிக்கு மேல் போயிருக்கும், மறுபதிப்பு என்ற பேச்சே இல்லை. ஒவ்வொரு நிறத்திலும் சில தாள் கெடும் என்பதால் இருபது பிரதிக்கு முப்பது தாளில் தொடங்குங்கள்.

பாணி எங்கிருந்து வருகிறது

‘என் பாணி என்ன?’ என்று நோட்டுப் புத்தகத்தில் தேடுவதில் பயனில்லை. லினோவில் அது உளித்தடத்தில் இருக்கிறது. ஒரு துண்டு லினோவை 3 செ.மீ. கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் ஒரு வகை வெட்டு மட்டும் வெட்டுங்கள்: இணைகோடு, குறுக்குக்கோடு, அரிசி மணி, மீன் செதில், குத்துப்புள்ளி, அலை. அச்சிட்டுச் சுவரில் மாட்டுங்கள். கை தானாக எதற்குத் திரும்பத் திரும்பப் போகிறது என்று சில வாரத்தில் தெரியும்.

அதே காகத்தை மூன்றுவிதமாகச் செய்யுங்கள்: கறுப்பில் வெள்ளைக்கோடாக ஒன்று, வெள்ளையில் கறுப்புருவமாக ஒன்று, கோடே இல்லாமல் வெட்டுத்தடங்களால் மட்டும் ஒன்று. பிறகு பத்துப் பலகை, ஒரே அளவு, அதே இரண்டு உளி, ஒரே தெரு. தண்ணீர்க் குடம், பூட்டிய கடையின் ஷட்டர், செருப்புக் குவியல், எதுவானாலும் சரி. அளவும் கருவியும் மாறாதபோது மாறுவது நீங்கள் மட்டும்தான், அதனால் உங்கள் கை தெரியும். ஒவ்வொரு பலகைக்கும் புதுக்கருவி, புதுத்தாள், புதுநிறம் என்று தாவுபவர்களின் வேலை ஐந்தாண்டு கழித்தும் ஐந்து பேர் செய்ததுபோல இருக்கும்.

பதிப்பு, கையெழுத்து, விலை

எத்தனை பிரதி என்பதை அச்சிடும் முன்பே முடிவு செய்யுங்கள். முதல் பதிப்புக்கு இருபது சரி. 26 தாள் வெட்டிவையுங்கள். நல்லவற்றை அடுக்கி, படத்துக்குக் கீழே, பென்சிலால்: இடது ஓரத்தில் 3/20 என்பதுபோல எண், நடுவில் தலைப்பு, வலது ஓரத்தில் கையெழுத்தும் ஆண்டும். பென்சில் ஏனென்றால் அது வெளுக்காது, தாளில் பதிந்த தடத்தோடு இருக்கும். பதிப்புக்கு வெளியே கலைஞர் தனக்கென வைக்கும் பிரதிகளில் எண்ணுக்குப் பதில் ‘க.பி.’ (கலைஞர் பிரதி) என்றோ, வழக்கப்படி ஏ.பி. (ஆர்ட்டிஸ்ட்ஸ் ப்ரூஃப்) என்றோ இடலாம். அவை பத்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் இருப்பது முறை. இருபது என்று எழுதிவிட்டு இருபத்தொன்றாவதை விற்பது மோசடி. ஒரு நோட்டில் எண், தேதி, தாள், மை, வாங்கியவர் ஆகியவற்றைக் குறித்துவாருங்கள்.

விலையைக் கண்ணளவில் போடாதீர்கள். உதாரணத்துக்கு: வரைய 6 மணி, வெட்ட 6, அச்சிட 5, ஆக 17 மணி. மணிக்கு ரூ. 200 என்று உங்களுக்கு நீங்களே கூலி போட்டால் ரூ. 3,400. தாள், மை, லினோ, உறை ரூ. 1,600. மொத்தம் ரூ. 5,000. இருபதால் வகுத்தால் ரூ. 250. புதியவர்கள் இங்கேயே நிறுத்தி, முந்நூறுக்கு விற்கத் தொடங்கிவிடுகிறார்கள். முதலாண்டில் பாதிதான் விற்கும் என்று வையுங்கள்: ரூ. 500. கடையோ காட்சிக்கூடமோ நூற்றுக்கு நாற்பது கழிவு எடுத்தால், உங்கள் கையில் ஐந்நூறு வர விலை ரூ. 833 இருக்க வேண்டும். ரூ. 850 போடுங்கள். நேரில் கேட்பவருக்கும் அதே 850. கடையில் 850, வீட்டு வாசலில் 500 என்று தெரிந்தால் அடுத்த முறை அந்தக் கடை உங்கள் வேலையை எடுக்காது. பதிப்பு தீரத்தீர, கடைசி ஐந்து பிரதிகளுக்கு விலையை ஏற்றலாம், அது வழக்கம்தான்.

அனுப்பும்போது சுருட்டாதீர்கள், கனமான மைப்பரப்பு விரிசல் விடும். இரண்டு 3 மி.மீ. அட்டைகளுக்கு நடுவே, பட்டர் பேப்பர் சுற்றி, தட்டையாக. மழைக்காலத்தில் அதற்கு மேல் பிளாஸ்டிக் உறை.

பதிப்பு முடிந்ததும் பலகையின் குறுக்கே உளியால் ஒரு கோடு இழுத்து, அப்படியே ஓர் அச்சு எடுத்து நோட்டில் ஒட்டிவையுங்கள். இனி இதிலிருந்து பிரதி வராது என்பதற்கு அதுவே சான்று. கோடு இழுக்க மனம் வராதவர்கள் பலகையைத் துடைத்து, டால்கம் பவுடர் தூவி, தாள் சுற்றி, இருட்டான இடத்தில் படுக்கவைக்கலாம். நிறுத்திவைத்தால் அடுத்த கோடைக்குள் வளைந்துவிடும்.